யார் பக்கத்திலிருந்து வந்தது?

பரம்பரை நோய்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்டிருந்தது: "இது யார் பக்கத்திலிருந்து வந்தது?" மருத்துவமனையிலும் நோயின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவே. அதற்கு விடை சொல்லக்கூடிய இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடுத்து யாருக்குச் சோதனை செய்ய வேண்டும் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை எழுதியிருந்தவர்கள் மிகச் சிலரே. கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

என் தாய்மாமன் மகனை மணந்திருக்கிறேன். முதல் பெண் குழந்தைக்கு ஒன்பதாவது மாதத்தில் தலசீமியா மேஜர் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது இரண்டு வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். "எங்கள் வம்சத்தில் இப்படி ஒன்று இல்லவே இல்லை, உன் அப்பா வழியில்தான் வந்திருக்கும்" என்கிறார் மாமியார். நான் இப்போது ஏழு வாரக் கர்ப்பம். ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கு வராது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?

உண்மையன்று. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது நாட்கள் கடந்திருக்கும் என்பதால், உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்வது உங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து.

ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினைச் செய்வதற்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எல்லோருக்கும் அது இரண்டு பிரதிகளாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருப்பவருக்கு நோய் கிடையாது. அவரைக் கேரியர் என்கிறோம். அவர் வயலில் வேலை செய்வார், பிள்ளை பெறுவார், எண்பது வயது வரை வாழ்வார். லேசான சோகை தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறியிருக்காது. இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோய் வரும். ஆகவே அவளுக்கு உங்களிடமிருந்து ஒன்றும், உங்கள் கணவரிடமிருந்து ஒன்றும் வந்திருக்கின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் இந்த நோய் வருவதற்கு வழியே இல்லை.

மாமியாரின் கேள்விக்கு இதைவிட நேரான விடையும் உண்டு. உங்கள் அம்மாவும் உங்கள் மாமனாரும் உடன்பிறந்தவர்கள். உங்களுக்கு அம்மாவழித் தாத்தா பாட்டியாக இருப்பவர்கள்தான் உங்கள் கணவருக்கு அப்பாவழித் தாத்தா பாட்டி. அவர்களில் ஒருவரிடம் இருந்த பழுதான பிரதி, மகள் வழியாக உங்களுக்கும் மகன் வழியாக உங்கள் கணவருக்கும் வந்து, உங்கள் குழந்தையிடம் மறுபடி ஒன்றுசேர்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் "உன் பக்கம்", "என் பக்கம்" என்று பிரிப்பதற்கு இரண்டு பக்கங்கள் இல்லை; வீடு ஒன்றுதான். வம்சத்தில் யாருக்கும் இல்லை என்று மாமியார் சொல்வதில் பொய் இருக்காது. கேரியராக இருப்பது வெளியே தெரியாததால், நாலைந்து தலைமுறைகள் நோயே காணாமல் அந்தப் பிரதியைக் கடத்திவர முடியும்.

இனி உங்கள் உறவினர் மனத்தில் வைத்துச் சொன்ன, நான்கில் ஒன்று என்ற கணக்கு. கேரியர்களான தம்பதியருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கும், குழந்தை கேரியராக இருப்பதற்கு நான்கில் இரண்டு பங்கும், பழுதே இல்லாமல் பிறப்பதற்கு நான்கில் ஒரு பங்கும் வாய்ப்பு உண்டு. இது கூடையிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்துத் தீர்க்கும் கணக்கு அல்ல. ஒவ்வொரு கர்ப்பத்திலும் தாயம் புதிதாக உருட்டப்படுகிறது. முதல் குழந்தைக்கு வந்தது இரண்டாவது குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. நான்கு குழந்தைகளுக்கும் வந்த குடும்பத்தையும், ஒரு குழந்தைக்கும் வராததால் தாங்கள் கேரியர்கள் என்பதே தெரியாமல் போன குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்கும் அளவுக்கு இல்லை. முதலில் உங்கள் இருவருடைய ரத்தத்திலும் குழந்தையின் ரத்தத்திலும் மரபணுவில் எந்த இடம் பழுது என்று கண்டறிய வேண்டும். அது கையில் இருந்தால், 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து மிகச் சிறிய திசுவை எடுத்துக் கருவின் நிலையைச் சொல்லிவிட முடியும். அந்தக் காலம் தவறினால் 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். இந்தச் சோதனைகளால் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. அனுபவமுள்ள கைகளில் அது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, மரபணு நோய்களைக் கண்டறிய இச்சோதனைகளை அனுமதிக்கிறது. ஆகவே ஸ்கேன் நிலையத்தில் யாராவது "இதெல்லாம் சட்டப்படி செய்யக்கூடாது" என்று திருப்பி அனுப்பினால் அதை ஏற்க வேண்டாம். முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்வதானாலும் சரி, நிறுத்துவதானாலும் சரி, அந்த அறையில் மூன்றாவது குரல் தேவையில்லை என்பது என் கருத்து.

மகளைப் பற்றியும் ஒரு சொல். ரத்தம் ஏற்ற ஏற்ற உடலில் இரும்பு சேரும். அது இதயத்தையும் ஈரலையும் சுரப்பிகளையும் கெடுக்கும். உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்த அளவு 1000-ஐத் தாண்டும்போது இரும்பை வெளியேற்றும் மருந்து தொடங்கப்பட வேண்டும். தலசீமியாக் குழந்தைகளின் ஆயுளை ரத்தத்துக்கு இணையாக இந்த மருந்தும் தீர்மானிக்கிறது, ஆனால் கசப்பென்றும் வாந்தி வருகிறதென்றும் பல வீடுகளில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயையே தீர்க்கக்கூடியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் நடந்துவருகிறது. பொருந்தும் உடன்பிறப்பு இருந்து, இளவயதிலேயே செய்தால் பலன் அதிகம். செலவுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம் ஒன்று உண்டு. சிகிச்சை மையத்திலேயே விசாரியுங்கள்.

உங்கள் உடன்பிறந்தவர்களும், உங்கள் கணவரின் உடன்பிறந்தவர்களும் திருமணத்துக்கு முன் ஹீமோகுளோபினின் ஒரு வகையான எச்.பி.ஏ.2-இன் அளவைக் காட்டும் ரத்தச் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளட்டும். அந்த அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர் என்று பொருள்.

வாசகி, சேலம்

என் மகளை என் தம்பிக்கே கொடுக்கலாம் என்று இரண்டு குடும்பங்களும் பேசி வைத்திருந்தோம். செவிலியர் படிப்பு படிக்கும் மகள், சொந்தத்தில் கட்டினால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்று மறுக்கிறாள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இப்படித்தான் திருமணம் நடந்திருக்கிறது, எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்?

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்தியாவிலேயே இது உயர்ந்த அளவு. ஆகவே உங்கள் குடும்பம் விதிவிலக்கு அன்று.

தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு பொது. உறவல்லாத தம்பதியருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்குப் பிறவியிலேயே கடுமையான குறை இருக்கிறது. அத்தை-மாமன் மக்களுக்கு இடையிலான திருமணத்தில் இது ஏறத்தாழ இரு மடங்காகிறது; தாய்மாமன் திருமணத்தில் இன்னும் சற்றுக் கூடுகிறது. இதைத் திருப்பிச் சொன்னால், சொந்தத்தில் மணந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. ஆகவே நீங்கள் சொல்வதும் பொய்யில்லை, உங்கள் மகள் சொல்வதும் பொய்யில்லை. "ஒன்றும் ஆகாது" என்பதும் "கட்டாயம் குறையோடுதான் பிறக்கும்" என்பதும்தான் தவறு. ஆனால் மூன்று தலைமுறையாகத் திரும்பத் திரும்ப உறவுக்குள்ளேயே மணந்திருப்பதால், பொதுவான பங்கு உங்கள் வீட்டில் மேலே சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கும். இறந்து பிறந்த குழந்தை, காது கேளாத பிள்ளை, சிறு வயதில் காரணம் தெரியாமல் இறந்த பிள்ளை என்று குடும்பத்தில் யாராவது உண்டா என்று பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். "எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று சொல்லும் வீடுகளில் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவையெல்லாம் மணமக்கள் இருவரும் விரும்பும்போது பார்க்க வேண்டிய கணக்குகள். உங்கள் மகள் வேண்டாம் என்கிறாள். அந்த விடைக்குப் பின் மரபணுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

என் மகனுக்கு ஹீமோபிலியா. பரம்பரையில் யாருக்கும் இல்லை. பெண்கள் வழியாக வரும் நோய் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து கணவர் வீட்டில் என்னைக் குற்றவாளி போல நடத்துகிறார்கள். என் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். இதைப் பற்றி அவளிடமோ மாப்பிள்ளை வீட்டிலோ மூச்சு விடாதே என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

ரத்தம் உறைவதற்குத் தேவையான 8-ஆவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ, 9-ஆவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. இரண்டுக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு ஈடுகொடுக்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் ஈடுகொடுக்க வேறு ஏதுமில்லை. ஆகவே கேரியரான தாயின் மகன்களில் ஒவ்வொருவருக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. மகள்களில் ஒவ்வொருவரும் கேரியராகப் பாதி வாய்ப்பு. நோயுள்ள ஆணுக்குப் பிறக்கும் மகள்கள் எல்லோரும் கேரியர்கள், மகன்கள் எவருக்கும் நோய் வராது. இந்த உண்மையிலிருந்து "தாய் கொடுத்த நோய்" என்ற சொல்லை நம் ஊர் உண்டாக்கிக்கொண்டது. தாயின் நிறத்தையும் தாய் கொடுத்ததாகத்தான் சொல்கிறோம். அதற்காக யாரும் அவளைக் கூண்டில் ஏற்றுவதில்லை.

பரம்பரையில் இல்லை என்கிறீர்கள். ஹீமோபிலியாக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. மரபணு பிரதியெடுக்கப்படும்போது புதிதாக நேரும் எழுத்துப்பிழை போன்றது இது. இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் கதை இதற்குச் சரியான சான்று. அவருக்கு முந்தைய அரச குடும்பத்தில் இந்த நோயின் தடயம் இல்லை. அவர் பிறந்தபோது தந்தைக்கு வயது 51. தந்தையின் உயிரணுவில் அந்தப் பிழை புதிதாக நேர்ந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. விக்டோரியாவின் ஒன்பது பிள்ளைகளில் லியோபோல்டு என்ற மகன் 1884-இல், 30 வயதில், கீழே விழுந்து ரத்தக்கசிவால் இறந்தார். ஆலிஸ், பியாட்ரிஸ் என்ற இரண்டு மகள்கள் கேரியர்கள். அந்த வழியில் ரஷ்யா, ஸ்பெயின் அரச குடும்பங்களுக்கும் நோய் போயிற்று. கொல்லப்பட்ட ரஷ்ய அரச குடும்பத்தினரின் எலும்புகளை 2009-இல் ஆராய்ந்தபோது அது ஹீமோபிலியா பி என்று தெரிந்தது. விக்டோரியாவின் தந்தையையோ தாயையோ இதற்காகக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் தங்கைக்கு வருகிறேன். முதலில் உங்கள் மகனின் மரபணுப் பிழை எது என்று கண்டறிந்து, உங்களிடம் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களிடம் இருந்தால் அடுத்து உங்கள் அம்மாவுக்கு. அம்மாவிடமும் இருந்தால் தங்கைக்கு இருக்கப் பாதி வாய்ப்பு. இந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே நிறுத்திவிடலாம். காரணியின் அளவை மட்டும் பார்த்துக் கேரியர் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் கேரியர் பெண்கள் பலருக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கும். மறுபுறம், சில கேரியர் பெண்களுக்கு அளவு குறைந்து, மாதவிடாயின்போதும் பிரசவத்திலும் பல் பிடுங்கும்போதும் மிகுதியாக ரத்தம் போகும். ஆகவே இது தங்கைக்குப் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, அவளுடைய உடலைப் பற்றிய செய்தியும்கூட.

அதனால் அம்மாவின் சொல்லை மீறித் தங்கையிடம் சொல்லிவிடுங்கள் என்பதே என் விடை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அது உங்கள் வேலையன்று. அவள் சோதனை செய்துகொண்டு, கேரியராக இருந்தால், மணக்கப்போகிறவரிடம் தானே பேசட்டும். அந்தப் பேச்சால் ஒரு சம்பந்தம் கலையலாம்; அதை நான் மறைக்க மாட்டேன். பேசாமல் நடந்த திருமணங்களில் குழந்தை பிறந்தபின் நேர்ந்தவற்றை என் அறையில் பார்த்திருப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

உங்கள் மகனுக்குத் தசையில் ஊசி போடக்கூடாது, ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. மூட்டு வீங்கினால் வீக்கம் வடியட்டும் என்று காத்திராமல் உடனே காரணி ஏற்ற வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. தோலுக்கு அடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்தும் இப்போது உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தபின் ரத்தக்கசிவு நின்றது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆயினும் நமக்கு அருகிலேயே நடந்திருப்பதால் சொல்கிறேன்.

வாசகர், தஞ்சாவூர்

எனக்கும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கும் ஓ பாசிட்டிவ். ஒரே ரத்த வகையில் மணந்தால் பிள்ளைகளுக்குக் குறை வரும் என்கிறார்களே?

வராது. ரத்த வகை ஒன்றாக இருப்பதற்கும் பரம்பரை நோய்க்கும் தொடர்பே இல்லை. பெண் நெகட்டிவ் வகையாகவும் ஆண் பாசிட்டிவ் வகையாகவும் இருந்தால் மட்டும் கர்ப்பகாலத்தில் ஊசி ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் பயப்படத் தேவையில்லை. இந்தக் கேள்வி ஒவ்வொரு மாதமும் வருகிறது. எங்கிருந்து கிளம்பிய வதந்தி என்று தெரியவில்லை, ஆனால் நல்ல திருமணங்கள் சிலவற்றை இது நிறுத்தியிருக்கிறது.

பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பயனுள்ளதாகப் பார்க்கலாம். டே-சாக்ஸ் என்னும் கொடிய நரம்பு நோய்க்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டைன் என்ற யூத மதகுரு, 1983-இல் நியூயார்க்கில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். இளைஞர்களின் ரத்தத்தைச் சோதித்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தருவார்கள். வரன் பேசும்போது இரு வீட்டாரும் இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்டால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று மட்டும் விடை வரும். சைப்ரஸ் தீவில் தலசீமியா மிகுந்திருந்தது. அங்கே 1980-களில் தேவாலயமே திருமணத்துக்குமுன் சோதனைச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியது. அங்கே திருமணங்கள் குறையவில்லை. நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் ஏறத்தாழ இல்லாமல் போனது. பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்குப் பதினொன்றாவது பொருத்தம் பெரிய சுமையாக இருக்காது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

அப்பாவுக்கு வயது 52. கை கால்கள் தாமாக ஆடுகின்றன, கோபம் அதிகமாகிவிட்டது. ஹண்டிங்டன் நோய் என்று உறுதி செய்திருக்கிறார்கள். தாத்தாவும் இப்படித்தான் இருந்தார். குடித்துவிட்டு ஆடுகிறார் என்று ஊரார் சொல்வார்கள், ஆனால் அவர் குடித்ததே இல்லை. எனக்கு 26, தம்பிக்கு 15. இருவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அம்மா அழுகிறார்.

மேலே சொன்ன நோய்களிலிருந்து இது வேறுபட்டது. இதில் கேரியர் என்ற நிலை கிடையாது. பழுதான ஒரு பிரதி போதும், நோய் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. 4-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் இருக்கும்வரை நோய் வந்தே தீரும். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடங்கும். தொடங்குவதைத் தள்ளிப்போடும் மருந்து இன்று இல்லை. ஆட்டத்தையும் மன உளைச்சலையும் குறைக்கும் மருந்துகள் உண்டு. அப்பாவின் கோபமும் நோயின் ஒரு பகுதியே என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

தம்பிக்குச் சோதனை வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அறிகுறி இல்லாத, 18 வயது நிரம்பாதவருக்கு இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. இப்போது தெரிந்துகொண்டால் அவனுக்குச் செய்யக்கூடிய சிகிச்சை ஏதும் இல்லை. தெரியாமலிருக்கும் உரிமை மட்டும் பறிபோகும். அம்மாவின் கண்ணீர் புரிகிறது, ஆனாலும் அந்த முடிவை அவன் வளர்ந்தபின் அவனே எடுக்கட்டும்.

உங்களைப் பொறுத்தவரை, நான் "செய்துகொள்ளுங்கள்" என்றும் சொல்ல மாட்டேன், "வேண்டாம்" என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வரலாற்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லரின் தாய் இந்த நோயால் இறந்தார். இந்த நோய் மிகுதியாகக் காணப்படும் வெனிசுலாவின் மராக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு அவர் ஆண்டுதோறும் சென்று ரத்த மாதிரிகளையும் வம்சாவளியையும் சேகரித்தார். அவற்றைக் கொண்டுதான் 1983-இல் மரபணு இருக்கும் இடமும் 1993-இல் மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டன. சோதனை வருவதற்கு வழிசெய்த அவரே, தாம் அதைச் செய்துகொண்டாரா என்பதைப் பல ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை. தமக்கு நோய் இருப்பதை 2020-இல்தான் பொதுவில் சொன்னார். பல மேலை நாடுகளில், ஆபத்து வரம்பில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே சோதனைக்கு முன்வருகிறார்கள். தெரிந்துகொள்வது துணிவு என்றும் தெரியாமலிருப்பது கோழைத்தனம் என்றும் யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

சோதனைக்குச் செல்வதானால் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேடுங்கள். இருக்கிறது என்று வந்தால் அன்று மாலை யாருடன் இருப்பீர்கள்? இல்லை என்று வந்து, பின்னாளில் தம்பிக்கு இருப்பதாகத் தெரிந்தால் அதை எப்படித் தாங்குவீர்கள்? திருமணம், குழந்தை, வேலை இவற்றில் எந்த முடிவு இதனால் மாறும்? மரபணு ஆலோசகரை இரண்டு மூன்று முறை பார்த்தபின் ரத்தம் கொடுத்தால் போதும். ஒரே நாளில் ரத்தம் எடுத்து, முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் இடங்களுக்குப் போக வேண்டாம்.

வாசகி, ஈரோடு

அண்ணனுக்கு வில்சன் நோய். நானும் தங்கையும் நலமாக இருக்கிறோம். எங்களையும் சோதிக்கச் சொல்கிறார்கள். அறிகுறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

முந்தைய விடையைப் படித்துவிட்டு அதே தயக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே காத்திருப்பது பெரும் தவறு. வில்சன் நோயில் உடல் தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் ஈரலிலும் மூளையிலும் தேக்கிவைக்கிறது. தாயும் தந்தையும் கேரியர்கள் என்பதால் உங்களுக்கும் தங்கைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அறிகுறி தெரியும் நாளில் ஈரல் சுருங்கிப்போயிருக்கலாம், பேச்சு குழறியிருக்கலாம். அதற்குமுன் கண்டுபிடித்தால் மாத்திரையாலேயே வாழ்நாள் முழுதும் நோயைத் தள்ளி வைக்க முடியும். பரம்பரை நோய்களில் இவ்வளவு நல்ல செய்தி அரிது. 1912-இல் கின்னியர் வில்சன் இந்நோயை விவரித்தபோது அது உயிரைக் கொல்லும் நோய். 1956-இல் ஜான் வால்ஷ் பென்சிலமைன் மருந்தைக் கொண்டுவந்ததிலிருந்து நிலைமை மாறியது, துத்தநாகமும் பயன்படுகிறது.

ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருளோபிளாஸ்மினின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரத்தின் அளவு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற கண் பரிசோதனை ஆகிய மூன்றையும் செய்துகொள்ளுங்கள். அண்ணனின் மரபணுப் பிழை தெரிந்திருந்தால் விடை இன்னும் எளிது. இன்னொன்று: உடம்புக்கு நல்லது என்று செப்புக் குடத்திலும் செம்புப் பாட்டிலிலும் தண்ணீர் வைத்துக் குடிக்கும் வழக்கம் இப்போது மறுபடி பரவியிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அண்ணன் தம் உணவில் ஈரல், நண்டு, இறால், காளான், முந்திரி, சாக்லேட் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

வாசகர், கூடலூர், நீலகிரி மாவட்டம்

முகாமில் ரத்தம் எடுத்து, மகள் அரிவாள் செல் கேரியர் என்று அட்டை கொடுத்திருக்கிறார்கள். அவள் கடினமான வேலைக்குப் போகலாமா? கல்யாணம் பேசும்போது இந்த அட்டையைக் காட்ட வேண்டுமா?

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் அரிவாள் செல் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்ததே உங்கள் மலையில்தான், 1952-இல். இன்று பழங்குடி மக்களிடையே பரவலாகச் சோதிப்பது, 2047-க்குள் இந்நோயை ஒழிக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்படி. உங்கள் மகளுக்கு நோய் இல்லை. ஒரு பிரதி மட்டுமே மாறியிருக்கிறது. அவள் எந்த வேலைக்கும் போகலாம். கடும் வெயிலில் உழைக்கும்போது தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாத்திரை எதுவும் வேண்டாம். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இந்த ஒற்றைப் பிரதி அதை வைத்திருந்தவர்களின் உயிரைக் காத்ததால்தான் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தது.

கல்யாணத்தின்போது அட்டையைக் காட்டத்தான் வேண்டும், ஆனால் மாப்பிள்ளையும் அவருடைய அட்டையைக் காட்ட வேண்டும். பெண்ணின் அட்டையை மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். இருவரும் கேரியர்களாக இருந்தால் நான்கில் ஒரு பங்கு என்ற அதே கணக்குதான். மாப்பிள்ளை வெளியூர்க்காரராக இருந்து, அவருக்கு அரிவாள் செல் இல்லை என்று வந்தாலும், அந்தச் சோதனையிலேயே தலசீமியாக் கேரியரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தாலும் நோய் வரும் என்பதை முகாமில் சொல்லியிருக்க மாட்டார்கள்.